ஈயம் போய் இரும்பு வந்தபோது தாத்தா துப்பாக்கி என்ன ஆச்சு?

பர்மிங்ஹாமில் ஒரு ப்ராஜெக்டுக்காக இருந்த சமயம். 2020 பிப்ரவரி கடைசி. க்ளையண்ட் தரப்பில் வேலை பார்த்த ஒரு பெரியவர், ஓய்வு பெற சில மாதங்களே பாக்கி இருந்தவர், மதியச் சாப்பாட்டின்போது ஒரு விஷயம் கேட்டார். அவருடைய தாத்தா 1920களின் கடைசியில் வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருக்கிறது. அதே பர்மிங்ஹாமில் செய்தது. தாத்தா, அப்பா, இவர் என்று மூணு தலைமுறை கைமாறியது. குளிர்காலத்தில் நாலைந்து நாள் ஃபெசன்ட் பறவை சுட எடுத்துக்கொண்டு போவார். மற்ற நாளெல்லாம் இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடக்கும்.

அந்த வாரம்தான் பிரிட்டனின் ஒன்பது வேட்டை அமைப்புகள் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டிருந்தன. அஞ்சு வருஷத்துக்குள் ஈய ரவையையும், தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக்கையும் நாமாகவே கைவிடுவோம் என்று. அவர் கவலை அதைப் பற்றித்தான். "ஈயத்துக்குப் பதிலா இரும்பு ரவை போட்டா தாத்தா துப்பாக்கி வெடிச்சிடும்னு ஒருத்தர் சொல்றார். ஒண்ணும் ஆகாதுன்னு இன்னொருத்தர் சொல்றார். பழைய சிஸ்டத்துல புது டேட்டாவை ஓட்டுறதுதானே உங்க வேலை, நீங்க என்ன நினைக்கிறீங்க?"

சிரித்து மழுப்பிவிட்டேன். துப்பாக்கியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அடுத்த மாதமே லாக்டவுன். அறையை விட்டு வெளியே போக வழியில்லை. கேள்வி மட்டும் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இது துப்பாக்கியைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை என்று தெரிந்தது. "என் பழைய துப்பாக்கி கெட்டுப்போகும்" என்ற ஒரு வாதத்துக்கு அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அந்த வாதத்தில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் பெரிய பிரச்சினையாகவும் ஆனது. இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

ஈய ரவை எப்படி வந்தது

முதலில் அடிப்படை. ரைஃபிளில் ஒரு தோட்டாவுக்கு ஒரு குண்டு. ஷாட்கன் என்கிற வேட்டைத் துப்பாக்கியில் ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான சின்ன உருண்டைகள். அதைத்தான் தமிழில் ரவை என்று சொல்கிறோம். உப்புமா ரவையை விடப் பெரிசுதான், ஆனாலும் பொருத்தமான பேர். பிரிட்டனில் ஆறாம் நம்பர் ரவை என்றால் 2.6 மி.மீ. விட்டம். ஓர் அவுன்ஸ் ஈயத்தில் அப்படிப்பட்ட உருண்டைகள் சுமார் 270 இருக்கும். பறக்கிற பறவையை ஒற்றைக் குண்டால் அடிப்பது கஷ்டம். 270 உருண்டைகள் கூட்டமாகப் போனால் நாலைந்தாவது படும்.

இந்த உருண்டைகளை ஒழுங்கான கோளமாகச் செய்வது ஒரு காலத்தில் பெரிய தலைவலி. அதைத் தீர்த்தவர் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் வாட்ஸ். உருக்கிய ஈயத்தைச் சல்லடை வழியாக உயரத்திலிருந்து ஊற்றினால், விழும்போதே பரப்பு இழுவிசையால் ஒவ்வொரு சொட்டும் உருண்டையாகிவிடும். கீழே தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறுகிவிடும். மழைத்துளி உருண்டையாவது மாதிரிதான். 1782-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். தன் வீட்டையே மேலே கோபுரமாக உயர்த்தி, கீழே குழியும் தோண்டி ரவை தயாரித்தார். அந்தக் கோபுரம் 1968-ல் சாலையை அகலப்படுத்த இடிக்கப்படும் வரை நின்றது.

ஈயத்தை ஏன் எல்லாருக்கும் பிடித்தது? கனம்: ஒரு கன சென்டிமீட்டர் 11.3 கிராம். குறைந்த சூட்டிலேயே உருகும். விலை மலிவு. இந்த மூன்றையும் எல்லாரும் சொல்வார்கள். நாலாவதை யாரும் தனியாகச் சொல்வதில்லை. ஈயம் மென்மையானது. இரும்புக் குழலுக்குள் எவ்வளவு வேகமாக உரசிக்கொண்டு போனாலும் நசுங்குவது ஈயம்தான், குழல் இல்லை. 1782-லிருந்து இருநூறு வருஷம் துப்பாக்கி செய்தவர்கள் எல்லாரும் இந்த மென்மையை நம்பித்தான் குழல் செய்தார்கள். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், டாக்குமெண்ட் பண்ணாத டிபெண்டென்சி. இருப்பதே யாருக்கும் தெரியாது, அதை மாற்றும் வரை.

வாத்தின் வயிற்றில்

சுட்ட ரவையில் பறவை மேல் படுவது சிலதுதான். மிச்சமெல்லாம் ஏரியிலும் சதுப்பிலும் போய் விழும். வாத்துக்குப் பல் கிடையாது. தானியத்தை அரைக்கச் சின்னக் கற்களை விழுங்கி இரைப்பையில் வைத்துக்கொள்ளும். சேற்றில் கிடக்கிற ஈய உருண்டை அதற்குக் கல் மாதிரியோ விதை மாதிரியோதான் தெரியும். விழுங்கிவிடும். இரைப்பையின் அரைப்பும் அமிலமும் சேர்ந்து ஈயத்தைக் கரைத்து ரத்தத்தில் கலக்கும். பறவை மெலியும், இறக்கை தொங்கும், பறக்க முடியாமல் ஒதுங்கிச் சாகும். கூட்டமாகச் செத்து மிதந்தால் கண்ணில் படும். ஒவ்வொன்றாகப் புதருக்குள் போய்ச் செத்தால் யார் கண்ணிலும் படாது.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஜார்ஜ் பேர்ட் கிரின்னெல் 1894-லேயே 'ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்' இதழில் ஈய ரவையால் நீர்ப்பறவைகள் விஷமேறிச் சாவதைப் பற்றி எழுதிவிட்டார். கவனியுங்கள், அது வேட்டைக்காரர்கள் படிக்கிற பத்திரிகை. 1959-ல் இல்லினாய்ஸைச் சேர்ந்த ஃபிராங்க் பெல்ரோஸ் விரிவான ஆய்வை வெளியிட்டார். வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீதம் ஈய விஷத்தால் சாகின்றன என்று மதிப்பிட்டார். அதை வைத்துப் பின்னால் புழங்கிய எண்ணிக்கை ஆண்டுக்கு 16 லட்சம் முதல் 24 லட்சம் பறவைகள்.

அமெரிக்கா முழுக்க நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை தடை அமலுக்கு வந்தது 1991-ல். பெல்ரோஸ் எழுதி 32 வருஷம் கழித்து. கிரின்னெல் எழுதி 97 வருஷம் கழித்து.

நடுவில் என்ன நடந்தது

ஈயத்துக்கு மாற்று என்று முதலில் தேறியது இரும்பு. 'ஸ்டீல் ஷாட்' என்று பேர் வைத்துவிட்டார்கள், ஆனால் உண்மையில் அது சூடாக்கி மென்மையாக்கின, கார்பன் மிகக் குறைந்த இரும்பு. பால் பேரிங் மாதிரி கடினமானது இல்லை. இந்தப் பேரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஸ்டீல் என்று கேட்டதும் பேரிங் குண்டுதான் மனசில் வரும். விஷமில்லை, விலையும் பரவாயில்லை. 1976-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் கடற்கரைப் பக்கம் சில பகுதிகளில் வாத்து வேட்டைக்கு இரும்பு ரவை மட்டும்தான் என்று அரசு கொண்டுவந்தது.

எதிர்ப்பு கிளம்பியது. இரண்டு குற்றச்சாட்டு. ஒன்று, இரும்பு லேசானது, பறவையைக் கொல்லாமல் காயப்படுத்தித்தான் விடும். இரண்டு, துப்பாக்கி பாழாகும். அப்பா கொடுத்த துப்பாக்கி, தாத்தா கொடுத்த துப்பாக்கி என்று இரண்டாவதில் உணர்ச்சியும் கலந்திருந்தது. 1978-ல் அலாஸ்கா செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மாநிலம் ஒப்புக்கொள்ளாத இடத்தில் மத்திய அரசு இரும்பு ரவை விதியை அமல்படுத்தப் பணம் செலவழிக்கக் கூடாது. விதி ஏட்டில் இருந்தது, பல இடங்களில் பல் பிடுங்கின பாம்பாக.

கடைசியில் நிலைமையை மாற்றியதில் பெரிய பங்கு வெண்தலைக் கழுகுக்கு. அமெரிக்காவின் தேசியச் சின்னம். ஈயம் விழுங்கின வாத்தையும் ரவை தைத்த வாத்தையும் கழுகு தின்று, கழுகுக்கும் விஷமேறியது. தேசிய வனவிலங்குக் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. 1987-லிருந்து படிப்படியாகக் கொண்டுவந்து 1991-ல் நாடு முழுக்கத் தடை. டென்மார்க் 1996-ல் எல்லா வேட்டைக்கும் ஈய ரவையைத் தடை செய்தது. இங்கிலாந்து 1999-ல் நீர்ப்பறவைகளுக்கு மட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரியிலிருந்து ஈரநிலங்களிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும்.

சரி, துப்பாக்கி பாழாகும் என்பது பொய்யா?

இல்லை. இங்கேதான் நான் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருந்தது. ஈயத்தை எதிர்க்கிறவர்கள் எழுதியதை மட்டும் படித்தால், அது வெறும் சாக்கு என்று தோன்றும். பழைய துப்பாக்கிக்காரர்கள் எழுதியதை மட்டும் படித்தால், முதல் வேட்டிலேயே கை போய்விடும் என்று தோன்றும். இரண்டும் சரியில்லை. ஆபத்து எங்கே இருக்கிறது என்று தனித்தனியாகப் பார்க்கலாம்.

முதலாவது, கீறல். ஈயம் குழலை உரசினால் கொஞ்சம் ஈயப் பூச்சு ஒட்டும், அவ்வளவுதான். இரும்பு உரசினால் கோடு விழும். அதனால்தான் இரும்பு ரவைத் தோட்டாவில் ரவையைத் தடிமனான கிண்ணம் ஒன்றில் போட்டு அனுப்புகிறார்கள். குழலை விட்டு வெளியே வரும்வரை ரவை குழலைத் தொடாது. பழைய ஈயத் தோட்டாவில் இந்தக் கிண்ணம் கிடையாது, ரவைக்குக் கீழே ஒரு கம்பளி அட்டை மட்டும்தான். கிண்ணம் பெரும்பாலும் பிளாஸ்டிக். ஈயத்தையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்தே விடுவோம் என்று அந்த ஒன்பது அமைப்புகள் சொன்னது ஏன் சிக்கலான வாக்குறுதி என்று இப்போது புரிந்திருக்கும். பிளாஸ்டிக் வேண்டாமென்றால், மட்குகிற பொருளில் அதே வேலையைச் செய்யும் கிண்ணம் கண்டுபிடித்தாக வேண்டும்.

இரண்டாவது, சோக். இதுதான் முக்கியம். துப்பாக்கிக் குழல் முழுக்க ஒரே அகலம் இல்லை. பன்னிரண்டு போர் என்று சொல்லும் அளவில் உள் விட்டம் சுமார் 18.5 மி.மீ. வாய்ப்பக்கம் வரும்போது கொஞ்சம் குறுகும். தோட்டக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் தூரம் போகிற மாதிரி, ரவைக் கூட்டம் சிதறாமல் நெருக்கமாகப் போவதற்காக. முழு சோக் என்றால் சுமார் 1 மி.மீ. குறுகும், அரை சோக் என்றால் அரை மி.மீ. நியூகாசில் நகரத்து வில்லியம் ரோசெஸ்டர் பேப் 1866-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1870களில் பர்மிங்ஹாமின் டபிள்யூ.டபிள்யூ. கிரீனர் இதைப் பிரபலமாக்கினார்.

ஈய ரவை சோக்குக்குள் நுழையும்போது ஒன்றோடொன்று நசுங்கி வழிவிட்டுப் போய்விடும். இரும்பு உருண்டை நசுங்காது. பெரிய உருண்டையாக இருந்தால் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்கும். அந்த விசை எங்கே போகும்? குழலின் சுவரை வெளிப்பக்கம் தள்ளும். பழைய துப்பாக்கியில் வாய்ப்பக்கம் சுவர் மெலிசு. விளைவு, சோக் தொடங்குகிற இடத்தில் ஒரு மெல்லிய வீக்கம். வெளிச்சத்தைப் பார்த்துக் குழலைப் பிடித்தால் உள்ளே ஒரு வளையம் நிழலாகத் தெரியும். வெடிப்பு இல்லை, வீக்கம்தான். ஆனால் இரட்டைக்குழலில் இன்னொரு சங்கடம் உண்டு. இரண்டு குழலும் நடுவில் ஒரு பட்டையோடு பற்றவைக்கப்பட்டவை. ஒரு குழல் வீங்கினால் அந்தப் பற்று விடலாம். ஒற்றைக்குழலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, எடையும் வேகமும். இரும்பின் அடர்த்தி 7.86. ஈயத்தில் பத்துக்கு ஏழு. 3 மி.மீ. ஈய உருண்டையின் எடை இரும்பிலும் வேண்டுமென்றால் விட்டம் சுமார் 3.4 மி.மீ. ஆக வேண்டும், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆகவே எல்லாரும் ஒன்றிரண்டு நம்பர் பெரிய ரவைக்குப் போவார்கள், வேகத்தையும் கூட்டுவார்கள். பெரிய ரவைதான் சோக்குக்கு ஆபத்து என்று இப்போதுதான் பார்த்தோம். எது பறவைக்கு நியாயமோ அது பழைய குழலுக்குப் பகை. இந்த முடிச்சுதான் விவாதம் முழுவதற்கும் அடியில் இருப்பது.

நாலாவது, அறையின் நீளம். இதைப் படித்தபோது எனக்கே திக்கென்றது. பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 2½ அங்குலம், அதாவது 65 மி.மீ. இன்றைய தோட்டாக்கள் பெரும்பாலும் 70 மி.மீ. பெரியது உள்ளே நுழையாது, தானாகத் தெரிந்துவிடும் என்றுதானே நினைப்போம்? நுழையும். ஏனென்றால் தோட்டாவின் நீளம் என்று பெட்டியில் போடுவது சுட்ட பிறகு, மடிப்பு விரிந்த நிலையில் உள்ள நீளம். சுடுவதற்கு முன் மடிப்போடு அது குட்டையாக இருக்கும். சமர்த்தாக உள்ளே போய் உட்காரும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். சுடும்போது மடிப்பு விரிந்து, குறுகலான இடத்தில் போய் அடைக்கும். அழுத்தம் எகிறும். எச்சரிக்கை எதுவும் வராது. எங்கள் துறையில் இதற்கு சைலண்ட் ஃபெயிலியர் என்று பேர். இது ஈயத்துக்கும் பொருந்தும் என்றாலும், இரும்புக்கு மாறும்போது புதுத் தோட்டா வாங்குகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள்.

'நாட் ஃபார் பால்'

இதில் வேடிக்கை என்னவென்றால், நசுங்க மறுக்கிற பொருளைச் சோக்குக்குள் அனுப்பக் கூடாது என்பது 1970களில் அமெரிக்கர்கள் கண்டுபிடித்த விஷயமே இல்லை.

பிரிட்டனில் எந்தத் துப்பாக்கியையும் விற்பதற்கு முன் சோதனைச் சாலையில் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். லண்டனில் ஒன்று, 1637-ல் சாசனம் பெற்ற துப்பாக்கி செய்வோர் சங்கத்தினுடையது. பர்மிங்ஹாமில் 1813-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த இன்னொன்று. வழக்கத்தைவிடக் கூடுதல் மருந்து போட்டு அங்கே சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால் குழலில் முத்திரை குத்துவார்கள். தங்க நகைக்கு ஹால்மார்க் மாதிரி.

சோக் பிரபலமானதும் 1875 விதிகளில் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். சோக் வைத்த குழல்களில் 'நாட் ஃபார் பால்' என்று குத்தினார்கள். ஒற்றைப் பெரிய குண்டைப் போட்டுச் சுடாதே என்று அர்த்தம். அதுவரை வேட்டைத் துப்பாக்கியில் ரவையும் போடுவார்கள், தேவைப்பட்டால் குழலுக்குச் சரியான பெரிய குண்டும் போடுவார்கள். குறுகின வாயில் அது சிக்கும். 1887-ல் அந்த வாசகம் போய் 'சோக்' என்ற ஒற்றைச் சொல் வந்தது. அதாவது தொழில்நுட்பம் மாறியதும், பழைய தீனி இனி எல்லாக் குழலுக்கும் ஒத்துவராது என்பதை இரும்பிலேயே எழுதிவைத்தார்கள். குழலின் மேலேயே ரிலீஸ் நோட்ஸ்!

நூறு வருஷம் கழித்து இரும்பு ரவைக்கும் அதையேதான் செய்தார்கள். 1914-ல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் தொடங்கிய சர்வதேசக் குழு ஒன்று இந்த முத்திரைகளுக்குப் பொது விதி வகுக்கிறது. பிரிட்டன் 1980-ல் அதில் சேர்ந்தது. அந்த விதிப்படி இரும்பு ரவைத் தோட்டா இரண்டு வகை. சாதாரண வகை: பன்னிரண்டு போரில் அழுத்தம் 740 பார், அதாவது சாதாரண ஈயத் தோட்டாவுக்கு உள்ள அதே வரம்பு. ரவை 3.25 மி.மீ.க்கு மிகக் கூடாது. உயர்திறன் வகை: 1050 பார் வரை. இதை அதற்கென்றே சோதித்து, லில்லிப் பூச் சின்னம் குத்திய துப்பாக்கியில் மட்டும்தான் போடலாம். அதிலும் 4 மி.மீ.க்கு மேற்பட்ட ரவை என்றால் அரை சோக்கைத் தாண்டக் கூடாது.

ஆக, 'இரும்பு போட்டால் அழுத்தம் கூடி வெடிக்கும்' என்பது சாதாரண வகைத் தோட்டாவைப் பொறுத்தவரை சரியில்லை. அழுத்த வரம்பு ஒன்றுதான். ஆபத்து சோக்கிலும் சுவரின் மெலிவிலும் இருக்கிறது.

டமாஸ்கஸ் குழல்: ஒரு சின்ன விலகல்

பழைய துப்பாக்கி என்று படிக்கப் போனால் 'டமாஸ்கஸ் குழல்' என்ற சொல் அடிக்கடி வரும். நம்மவர்கள் உடனே நிமிர்ந்து உட்காருவோம். டமாஸ்கஸ் வாள், அதற்குப் போன நம் ஊர் உருக்கு, நொய்யல் கரைக் கொடுமணல் என்று. ஆனால் துப்பாக்கிக் குழல் விஷயத்தில் பேர் மட்டும்தான் ஒன்று. வாளுக்குப் போனது மூசையில் உருக்கி எடுத்த எஃகு. அதன் அலைவடிவம் உலோகத்துக்குள்ளேயே உருவாவது. குழலுக்கு ஐரோப்பியர்கள் செய்தது வேறு. இரும்புக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் சேர்த்து முறுக்கிப் பட்டையாக்கி, ஓர் உருளையின் மேல் கயிறு சுற்றுவது மாதிரி சுற்றி, அடித்துப் பற்றவைப்பார்கள். பார்க்க அழகு. ஆனால் குழல் முழுக்க நீள நீளமாகப் பற்றுகள். கரிமருந்துக் காலத்துச் சரக்கு. புகையில்லா மருந்துக்குச் சோதித்து முத்திரை பெற்றவையும் உண்டு. ஆனாலும் இரும்பு ரவை என்று வந்தால் பிரிட்டனில் பொதுவான அறிவுரை ஒன்றுதான்: டமாஸ்கஸ் குழலில் வேண்டாம்.

பெரியவரின் துப்பாக்கி

ஏப்ரல் வாக்கில் அவரிடம் முத்திரைகளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். குழலைக் கழற்றி அடிப்பக்கம் பார்த்தால் தெரியும். கிரீடத்துக்குக் கீழே 'பி.வி.', 'பி.பி.', 'என்.பி.' என்று மூன்று. முதலிரண்டும் பர்மிங்ஹாமில் பார்த்ததும் சோதித்ததும். மூன்றாவது, நைட்ரோ ப்ரூஃப், அதாவது புகையில்லா மருந்துக்குத் தேறியது. பக்கத்தில் 2½ அங்குலம், 1⅛ அவுன்ஸ். இடது குழலில் மட்டும் 'சோக்'. அவர் இத்தனை வருஷம் வைத்திருந்தும் அதையெல்லாம் வாசித்ததே இல்லையாம். "என் தாத்தா கையெழுத்துப் போட்ட கடிதம் மாதிரி இருக்கு" என்றார்.

நான் சொன்னது இவ்வளவுதான்: முத்திரை குத்தினபோது குழல் எப்படி இருந்தது என்பதைத்தான் இது சொல்கிறது. தொண்ணூறு வருஷத்தில் தேய்ந்திருக்கும், துருவை யாராவது சுரண்டி மெலிதாக்கியிருக்கலாம். உள் விட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் விரிந்திருந்தால் அந்த முத்திரையே செல்லாது. துப்பாக்கி ஆசாரியிடம் கொடுத்து உள் விட்டம், சுவர்த் தடிமன், சோக் மூன்றையும் அளக்கச் சொல்லுங்கள். அளக்காமல் என் பேச்சையும் கேட்காதீர்கள், அந்த இருவர் பேச்சையும் கேட்காதீர்கள்.

ஊரடங்கு தளர்ந்த பிறகு கொடுத்தார். குழல் நல்ல நிலையில் இருந்தது. வலது குழலில் சோக் மிகக் கொஞ்சம். 65 மி.மீ. அறைக்கென்றே செய்த சாதாரண வகை இரும்புத் தோட்டாவைச் சின்ன ரவையோடு போடலாம் என்றார் ஆசாரி. இடது குழலில் அரை சோக்குக்கு மேல். அதைக் கொஞ்சம் கடைந்து அகலமாக்கித் தரட்டுமா என்று கேட்டாராம். தாத்தா துப்பாக்கியில் கைவைக்க இவருக்கு மனசில்லை. அதற்கு மட்டும் பிஸ்மத் தோட்டா. பிஸ்மத் விஷமில்லாத உலோகம், வெள்ளீயம் கொஞ்சம் கலந்தது, ஈயம் மாதிரியே மென்மை, அடர்த்தியும் 9.6-க்குப் பக்கம். பழைய குழலுக்குச் சாதுவான மாற்று. விலை மட்டும் இரும்பைப் போலப் பல மடங்கு. வருஷத்துக்கு நாலைந்து நாள் சுடுகிறவருக்கு அது ஒரு பெரிய செலவு இல்லை.

அதாவது ஒரே துப்பாக்கியில் ஒரு குழலுக்கு 'போடலாம்', இன்னொரு குழலுக்கு 'வேண்டாம்'. கேள்வியைப் பழசா புதுசா என்று கேட்டால் பதிலே கிடைக்காது. எந்தக் குழல், எந்த முத்திரை, எவ்வளவு தடிமன், எந்தத் தோட்டா என்று கேட்டால் ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடுகிறது.

பாதி உண்மையின் விலை

என்னை உறுத்துவது இதுதான். துப்பாக்கிக்கு வரும் கேடு உண்மை. ஆனால் அது சில துப்பாக்கிகளுக்கு, சில தோட்டாக்களோடு. அதற்கு அளவுகோல் இருக்கிறது, மாற்றும் இருக்கிறது. அந்தச் 'சில' என்ற சொல்லை விட்டுவிட்டுச் சொன்னபோது, அது எல்லாருக்குமான சாக்கு ஆகிவிட்டது.

இங்கிலாந்தில் 1999-லேயே வாத்துக்கு ஈயம் கூடாது என்று சட்டம் வந்தது. 2010-ல் வெளிவந்த ஆய்வில், கடைகளில் வாங்கிப் பரிசோதித்த காட்டு வாத்துகளில் 70 சதவீதம் ஈயத்தால் சுடப்பட்டிருந்தன. அந்த ஒன்பது அமைப்புகளின் அறிக்கைக்குப் பிந்தைய முதல் பருவத்தில், 2020–21-ல், ஆய்வாளர்கள் 180 ஃபெசன்ட்களைப் பரிசோதித்தார்கள். 179-ல் ஈயம். அந்த 179-ஐச் சுட்டவர்கள் எல்லாரும் தாத்தா துப்பாக்கி வைத்திருந்தார்கள் என்று நம்ப முடிகிறதா? கடைசியில் 2025 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு ஈய ரவைக்குத் தடை கொண்டுவருவதாக அறிவித்தது. தாமாக விடுவதற்கு எடுத்துக்கொண்ட அஞ்சு வருஷம் முடிந்துபோயிருந்தது.

மாறினால் பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. அமெரிக்கத் தடைக்குப் பிறகு மிசிசிப்பி வழித்தடத்து வாத்துகளை ஆராய்ந்தார்கள். 2000-ல் வெளியான அந்த ஆய்வின்படி, மல்லார்டு வாத்துகளில் ஈய விஷச் சாவு 64 சதவீதம் குறைந்திருந்தது. 1997 இலையுதிர்காலத்தில் மட்டும் சுமார் 14 லட்சம் வாத்துகள் பிழைத்தன என்று மதிப்பிட்டார்கள்.

ஒரே வருஷத்தில் 14 லட்சம். 1978-லிருந்து 1991 வரை எத்தனை வருஷம் என்று எண்ணிப் பாருங்கள். அந்த வருஷங்களில் யாராவது ஓர் ஆசாரியிடம் துப்பாக்கியைக் கொடுத்து அளந்து பார்த்திருந்தால், பாதிப் பேருக்காவது 'போடலாம்' என்ற பதில் கிடைத்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார். போன குளிர்காலத்தில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். வலது பையில் இரும்பு, இடது பையில் பிஸ்மத், தோட்டா நிறம் வேறு வேறாகப் பார்த்து வாங்கியிருக்கிறாராம், மாறிப்போகாமல் இருக்க. "உங்க பழைய சிஸ்டம் இன்னும் ஓடுதா?" என்று கேட்டிருந்தார். ஓடுது என்று பதில் போட்டேன்.